இரண்டாவது கேன்

கேன் ஒரு முறை பொளக் என்றது. நான் பாத்ரூம் வாசற்படியில் உட்கார்ந்து மனதுக்குள் எண்ண ஆரம்பித்தேன். இருபத்திரண்டு வந்தபோது அடுத்த பொளக். நேற்று இதே நேரத்தில் பதினைந்துக்குள் வந்துகொண்டிருந்தது. செல்போனை எடுத்து இவருக்கு '22' என்று மட்டும் அனுப்பினேன். கம்பெனி கேட்டில் செக்யூரிட்டியாக நிற்கிற மனிதருக்கு அதற்கு மேல் படிக்க நேரம் இருக்காது. உடனே பதில் வந்தது: 'சாக்கு?' கேனைச் சுற்றிக் கட்டியிருந்த சணல் சாக்கைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்துபோயிருந்தது. காலை ஐந்து மணிக்கு எழுந்து, ஊராட்சி டேங்க்குக்கு மோட்டாரைப் போட்டு, தெற்குத் தெருவுக்கும் பள்ளிக்கூடத் தெருவுக்கும் வால்வைத் திறந்து மூடி, சோறு வடித்து, இவரை அனுப்பிவிட்டு உட்கார்ந்து இன்னும் கால்மணி நேரம் ஆகவில்லை. எழுந்து இரண்டு சொம்புத் தண்ணீரைச் சாக்கின் மேல் ஊற்றினேன். கேனில் ஒட்டியிருந்த வெப்பமானிப் பட்டையில் இருபத்தி நாலு என்ற எண் மட்டும் பச்சையாகத் தெரிந்தது. அதையும் அனுப்பினேன்.

நான் எங்கள் ஊரின் டேங்க் ஆபரேட்டர். விராலிமலையிலிருந்து கிழக்கே பஸ்ஸில் இருபது நிமிடம் வந்தால் எங்கள் ஊர். ஊருக்கே தண்ணீர் திறந்துவிடுகிற என் வீட்டுப் பாத்ரூமுக்கு இன்னும் குழாய் வரவில்லை என்பது ஊரில் பழைய வேடிக்கை. கட்டிப்போட்டு நாலு வருடமாக அதில் உடைந்த நாற்காலியும் உரச் சாக்கும் கிடந்தன. வெயில் படாத, வீட்டிலேயே குளிர்ச்சியான இடம் என்று இவர் அதைக் கழுவிச் சுத்தம் செய்து, நடுவில் இரண்டு செங்கல் வைத்து, அதன்மேல் அந்த வெள்ளை பிளாஸ்டிக் கேனை வைத்தார். அடியில் ஒரு குழாய், மேலே ரப்பர் வளையம் போட்ட மூடி, மூடியின் நடுவில் தண்ணீர் நிரப்பிய ஒரு வளைந்த குழல். உள்ளே பொங்குகிற காற்று அந்தத் தண்ணீர் வழியாகக் குமிழ் விட்டு வெளியே போகும். வெளிக் காற்று உள்ளே வராது. உள்ளே இருந்தது இருபது லிட்டர் பீர். அதாவது, பீராக ஆகிக்கொண்டிருந்த ஒன்று.

இதைப் படிப்பவர்கள் என் கணவரைக் குடிகாரர் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். பதினாலு வருடக் குடித்தனத்தில் அவர் தள்ளாடி நான் பார்த்ததில்லை. பெங்களூரில், அங்கேயே காய்ச்சி அங்கேயே ஊற்றிக்கொடுக்கிற பெரிய பீர் கடை ஒன்றில் வேலை பார்த்தார். ஆளுயர எவர்சில்வர் தொட்டிகளைக் கழுவுகிறவராகப் போய்ச் சேர்ந்து, பதினோரு வருடத்தில் அந்தத் தொட்டிகளுக்குப் பொறுப்பாளராக ஆனவர். ஒரு கிளாஸை மூக்கருகே கொண்டுபோனால், எந்தத் தொட்டி, எத்தனையாவது நாள், எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவாராம். கடையில் இவருக்கு 'மூக்கு ரகு' என்று பேர். ரகுநாத் என்று கூப்பிட்டால் யாருக்கும் தெரியாது.

கொரோனா வந்தது, வாசனை போனது. எல்லோருக்கும்தான் போனது, ஒரு மாதத்தில் திரும்பியது. இவருக்குத் திரும்பவில்லை. அதை வெளியில் சொல்லாமல் ஆறு மாதம் வேலை பார்த்திருக்கிறார். ஒரு நாள் கெட்டுப்போன ஒரு தொட்டியை நல்லது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். அன்று இரவு மேசை மேசையாகக் கிளாஸ்கள் திரும்பி வந்தனவாம். மறுநாள் அந்தத் தொட்டி முழுவதையும் சாக்கடையில் திறந்துவிட்டார்கள், இவரையும் அனுப்பிவிட்டார்கள். ஊருக்கு வந்து, முதலாளி மாறிவிட்டார் என்றுதான் என்னிடம் சொன்னார். பிறகு ஒரு நாள் அடுப்பில் பால் தீய்ந்து வீடே நாறியபோது, அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் கொல்லையிலிருந்து ஓடி வந்து அடுப்பை அணைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன். அன்றைக்குத்தான் உண்மையைச் சொன்னார்.

அதற்குப் பிறகு மூன்று வருடம் நீல யூனிபாரம் போட்டுக்கொண்டு லாரி நம்பர் எழுதுகிற வேலை. மகள் காவ்யா குளத்தூரில் என் அம்மா வீட்டில் தங்கிப் படிக்கிறாள். அவளிடம்கூடச் சரியாகப் பேசுவதில்லை. குழம்பு எப்படி இருக்கிறது என்று நான் கேட்பதை நிறுத்திவிட்டேன். உப்பும் காரமும் புளிப்பும் அவருக்குத் தெரியும். அதற்கு மேல் எதுவும் தெரியாது. நிமிர்ந்து நடந்துகொண்டிருந்த ஒரு மனிதர் கூனி நடப்பதைத் தினமும் பார்ப்பது எனக்கு அலுத்துப்போயிருந்தது. இதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் இரக்கமும் ஒரு நாளில் அலுத்துப்போகிறது.

போன தீபாவளிக்கு நான் தலையில் பூ வைத்துக்கொண்டு நிற்கும்போது பின்னால் வந்து, "மல்லி வாசம் லேசா வருது செவந்தி" என்றார். நான் பூவைப் பிடுங்கி அவர் மூக்கில் வைத்தேன். "ஆமா, வருது" என்றார். அன்று அழுதேன், சந்தோஷத்தில்.

மூக்கு வந்துவிட்டது என்று பெங்களூரிலிருக்கும் சார்லஸ் அண்ணனுக்குப் போன் செய்தார். அவரும் பழைய கடையில் இவரோடு வேலை பார்த்தவர்தான். இப்போது புதிதாகத் திறக்கப்போகிற ஒரு கடைக்குத் தலைமை அவர். "வேலை இருக்கு ரகு. ஆனா ஒரு தடவ பட்டாச்சு. நான் நேர்ல பாக்காம ஆளெடுக்க முடியாது" என்று சொல்லிவிட்டு, ஒரு டின் மால்ட் பாகும், கசப்புக்குப் போடுகிற பூவும், ஈஸ்ட்டும் பஸ்ஸில் போட்டு அனுப்பினார். வீட்டிலேயே காய்ச்சி வை, தை மாதக் கடைசியில் மதுரைக்குப் போகும்போது இறங்கிப் பார்க்கிறேன், பீரும் சரியாக இருந்து உன் மூக்கும் சரியாக இருந்தால் மறுநாள் திங்கட்கிழமையே என்னோடு கிளம்பலாம் என்று ஏற்பாடு. வீட்டில் இதைக் காய்ச்சுவது சட்டப்படி குற்றம் என்று எனக்கும் தெரியும். ஊராட்சிச் சம்பளம் வாங்குகிறவள் நான். முதல் வாரம் முழுக்கத் தெருவில் பைக் சத்தம் கேட்டாலே ஓடிப்போய்ப் பாத்ரூம் கதவைச் சாத்தினேன்.

ஒரு நாள் ஊராட்சிச் செயலர் சோலையப்பன் மோட்டார் சாவி வாங்க வந்தார். வாசலில் நின்றவர் மூக்கைச் சுளித்து உறிஞ்சினார்.

"என்னம்மா, வீட்டுல வாழத்தார் பழுக்குதா?"

"ஆமாங்க சார். ஊருலேர்ந்து வந்துச்சு."

"வாசமே தூக்குதே. எனக்கு ஒரு சீப்பு எடுத்து வையி, சாயங்காலம் வாரேன்."

கடைக்குப் போய் ஒரு சீப்பு வாங்கி வந்து வைத்தேன்.

ராத்திரி ஏழு மணிக்கு இவர் ஷிப்டு முடிந்து வருவார். குளித்து, கையை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, கேனின் குழாயைத் திறந்து ஒரு கிளாஸில் பிடிப்பார். அதில் பாதியை நீளமான ஒரு குவளையில் ஊற்றி, கண்ணாடி மிதவை ஒன்றை உள்ளே விடுவார். அது எவ்வளவு மூழ்குகிறது என்பதை வைத்து இனிப்பில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று கணக்கு. எண் தினமும் இறங்கவேண்டும், இறங்கி ஓரிடத்தில் நின்றால் முடிந்தது என்று அர்த்தம். அந்த எண்ணைப் பார்க்கும்போது மட்டும் அவர் முகம் பழைய முகமாக இருக்கும். நோட்டில் தேதி போட்டு எழுதிக்கொண்டு, மிச்சம் பாதியை என்னிடம் நீட்டுவார்.

"நீ மோந்து பாரு. ஒனக்கு என்ன வாசம் வருதுன்னு சொல்லு. நானும் மனசுல ஒண்ணு நெனச்சு வச்சிருக்கேன். ஒத்துப்போகுதான்னு பாப்போம்."

எனக்கு அது விளையாட்டாக இருந்தது. கொழகொழவென்று மங்கலாக இருக்கிற அதை மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடிக்கொள்வேன். "வாழப்பழம். பூவன் இல்ல, பச்சநாடன். தோலு கறுத்துப் போச்சுல்ல, அந்தப் பழம்." "அதேதான் நானும் நெனச்சேன்" என்று எழுதிக்கொள்வார். மறுநாள், "வாழப்பழம், அதுக்குப் பின்னாடி பேக்கரி கதவத் தொறந்தா வரும்ல, அந்த ரொட்டி வாசம்." "அதேதான்." ஒரு நாள்கூட எங்கள் இருவருக்கும் கருத்து வேறுபடவில்லை. பதினாலு வருடத்தில் சட்னிக்குத் தேங்காயா கடலையா என்பதில்கூட ஒத்துப்போகாத இரண்டு பேர் நாங்கள். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

ஆறாம் நாள் ராத்திரி சாப்பிட்டுவிட்டு வாசலில் நின்று சார்லஸ் அண்ணனிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். நான் உள்ளே பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். "இல்ல சார்லஸு, பூவன் இல்ல. பச்சநாடன். தோலு கறுத்த பச்சநாடன் மாதிரி முன்னாடி வருது. பின்னாடி பேக்கரிக் கதவத் தொறந்த மாதிரி..." என்றார். சபீனா போட்ட கையோடு நின்றுவிட்டேன். வாழைப்பழக் கடையில் எது பூவன் எது பச்சநாடன் என்று கடைக்காரரைக் கேட்டு வாங்குகிற மனிதர் இவர். கறுத்த தோல் என்னுடைய தோல். பேக்கரிக் கதவு என்னுடைய கதவு.

மனசு கேட்கவில்லை. மறுநாள் கிளாஸை மோந்துவிட்டு, வேண்டுமென்றே, "இன்னைக்கு என்னமோ மல்லியப்பூ வாசம் வருதுங்க" என்றேன். வாழைப்பழத்தைத் தவிர அதில் ஒன்றும் இல்லை. இவர் கிளாஸை வாங்கி மூக்கருகே வைத்து, தலையைச் சாய்த்து, கொஞ்ச நேரம் யோசித்தார். "ஆமா. லேசா. நானும் நெனச்சேன்" என்றார். எழுதினார்.

சாயங்காலமே மூடிய வால்வை மூடவில்லை என்று பொய் சொல்லிவிட்டு வெளியே வந்து டேங்க் அடியில் உட்கார்ந்தேன். முதலில் கோபம்தான் வந்தது. தீபாவளிக்கு நான் அழுத அழுகையை நினைத்துக் கோபம். என்னிடமாவது சொல்லியிருக்கலாமே என்று கோபம். பிறகு அதுவும் போய்விட்டது. பதினோரு வருடம் மூக்கால் சோறு தின்ற ஒருவர், பெண்டாட்டியின் மூக்கைத் திருட்டுத்தனமாகக் கடன் வாங்குகிற நிலைமைக்கு வந்திருக்கிறார். இதற்கு மேல் அவரைக் கேள்வி கேட்டு என்ன ஆகப்போகிறது? வேலை கிடைக்கட்டும். அங்கே போனபிறகு நடப்பது நடக்கட்டும். அதுவரை நான் மோந்து சொல்கிறேன், அவர் எழுதிக்கொள்ளட்டும், எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியவேண்டாம். அப்படி முடிவு செய்துகொண்டுதான் வீட்டுக்கு வந்தேன். அந்த ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

ஏழு நாள் முடிந்தால் கேனை மாற்றவேண்டும். அடியில் மண்டி தங்கியிருக்கும். தெளிந்ததை மட்டும் குழாய் வைத்து இரண்டாவது கேனுக்கு இறக்கவேண்டும். புதன்கிழமை அதற்கு நாள் குறித்திருந்தார். ஆனால் மாற்றுக்கு வரவேண்டிய ஆள் அன்றைக்கு வரமாட்டார் என்று தெரிந்ததும், மதியம் போன் செய்தார்.

"செவந்தி, ரெண்டாவது கேன நீயே கழுவி வச்சிரு. நான் வந்தவொடன எறக்கிரலாம். சுடுதண்ணி ஊத்திக் குலுக்கிக் கொட்டு. அப்பறம் செல்புல இருக்குல்ல அந்தப் பாட்டிலு, அதுல ரெண்டு மூடி ஊத்தி அலசு. ஒரு கிருமிகூட இருக்கக் கூடாது. ஒண்ணு இருந்தாலும் எல்லாம் போச்சு."

"சரிங்க. நீங்க சாப்புட்டீங்களா?"

"ஒரு கிருமிகூட, கேட்டியா?"

செல்பில் பாட்டில் சாய்ந்து கிடந்தது. மூடி லூசாக இருந்து, மருந்தெல்லாம் பலகையில் ஒழுகிக் காய்ந்திருந்தது. தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டியும் நாலு சொட்டுதான் வந்தது. போன் செய்தால் பதறுவார். எனக்குக் கிருமியைப் பற்றித் தெரியாதா என்ன? ஒன்றிய அலுவலகத்தில் எங்களையெல்லாம் உட்கார வைத்து ஒரு நாள் முழுக்கப் பாடம் நடத்தியிருக்கிறார்கள். மாதத்தில் ஐந்தாம் தேதியும் இருபதாம் தேதியும் முப்பதாயிரம் லிட்டர் டேங்க்குக்குள் இறங்கித் தேய்த்துக் கழுவுகிறவள் நான். இந்த ஆறு வருடத்தில் எங்கள் ஊரில் தண்ணீரால் ஒரு குழந்தைக்கு வயிறு கெட்டதாகப் பேச்சில்லை. அந்தப் பெருமை எனக்கு உண்டு. வாளியில் இரண்டு கரண்டி பிளீச்சிங் பவுடரைப் போட்டுக் கரைத்து, தெளிய விட்டு, மேல் தண்ணீரை மட்டும் கேனுக்குள் ஊற்றி, மூடி, ரப்பர் வளையம், குழாய் எல்லாவற்றையும் அதிலேயே அரைமணி நேரம் ஊறப்போட்டேன். பிறகு குழாய்த் தண்ணீரில் ஒரு அலசு அலசிக் கவிழ்த்து வைத்தேன். வாசம் அடிக்கிறதா என்று மோந்தும் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. என் கையிலும் சேலையிலும் தலைமுடியிலும் ஆறு வருடமாக ஏறியிருக்கிற வாசம் அது. எனக்கு எப்படித் தெரியும்?

ராத்திரி பத்து மணிக்கு வந்தவர் கேனைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தார்.

"மருந்து ஊத்துனியா?"

"ம்."

"பளிச்சுன்னு இருக்கு" என்றார். அவர் என்னைப் பாராட்டிப் பல நாள் ஆகியிருந்தது. சத்தம் வராமல், நுரை எழாமல், குழாயைக் கேனின் அடிவரை விட்டு அவர் இறக்குவதை விளக்குப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். கை நடுங்கவே இல்லை அவருக்கு.

வியாழக்கிழமையும் அவருக்கு டபுள் ஷிப்டு. வெள்ளிக்கிழமை காலை வேலைக்குக் கிளம்பும் முன், "மத்தியானம் ஒரு சொட்டுப் புடிச்சு மோந்து பாத்து வையி. ராத்திரி ரெண்டு பேரும் பாப்போம்" என்று சொல்லிவிட்டுப் போனார். சாக்கை நனைத்துவிட்டுக் குழாயைத் திறந்தேன். கிளாஸ் மூக்குக்கு வரும் முன்னாலேயே தெரிந்துவிட்டது. காவ்யாவுக்குக் கை உடைந்தபோது அரசு ஆஸ்பத்திரியில் கட்டுப் பிரிக்கிற அறைக்குப் போயிருந்தோம். அந்த அறை வாசம். மருந்தில் ஊறிய பழைய கட்டுத்துணி. வாழைப்பழம் எங்கோ அடியில் செத்துக் கிடந்தது. நாக்கில் வைத்துப் பார்த்தேன், தொண்டை வரை அதே துணி. எதனால் என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. வாளி பாத்ரூம் மூலையிலேயே இருந்தது.

பகல் முழுக்க எப்படிச் சொல்வது என்று வார்த்தை தேடினேன். ஞாயிற்றுக்கிழமை சார்லஸ் அண்ணன் வருகிறார். புதிதாகக் காய்ச்ச இன்னொரு டின் கிடையாது, நாளும் கிடையாது. சொன்னால் இவர் என்ன செய்வார்? ஊற்றிவிட்டு யூனிபாரத்தைப் போட்டுக்கொண்டு கேட்டுக்குப் போவார். இன்னும் இருபது வருடம் லாரி நம்பர் எழுதுவார். அதற்குக் காரணம் நானாக இருப்பேன். ஒருவேளை இரண்டு நாளில் அந்த வாசம் அடங்கிவிடுமோ? மருந்து வாசம் என்றால் காற்றில் போகத்தானே செய்யும்? டேங்க்கில் போடுவதுகூட மறுநாள் போய்விடுகிறதே.

ராத்திரி மிதவையைப் பார்த்து, "நின்னுருச்சு செவந்தி, முடிஞ்சுது" என்று சிரித்தார். நோட்டைத் தொடையில் வைத்துக்கொண்டு, கிளாஸை என்னிடம் நீட்டினார். பேனா மூடியைப் பல்லில் கடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தார். மூன்று வருடத்தில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

"வாழப்பழம்" என்றேன்.

"அதே பச்சநாடனா?"

"ம். பின்னாடி லேசா ரொட்டி."

"அதேதான் நானும் நெனச்சேன்."

சனிக்கிழமையும் அதே கேள்வி, அதே பதில். வாசம் அடங்கவில்லை, கூடியிருந்தது. சார்லஸ் அண்ணனின் கார் வழியில் பஞ்சராகிப் போகட்டும், அவருக்கே ஜலதோஷம் பிடிக்கட்டும் என்று விராலிமலை இருக்கிற திசையைப் பார்த்து முருகனைக் கும்பிட்டேன். இப்படியெல்லாம் வேண்டிக்கொள்வேன் என்று நானே நினைத்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை இவர் லீவு போட்டிருந்தார். இஸ்திரி போட்ட சட்டை, ஒதுக்கிய மீசை. கண்ணாடி முன் நின்று தலை சீவிக்கொண்டிருந்தவரிடம் போய் நின்றேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன்.

"ஏங்க."

"என்ன?"

"பட்டன் மாறிக் கெடக்கு."

சட்டைப் பட்டனைக் கழற்றிச் சரியாகப் போட்டுவிட்டேன்.

சார்லஸ் அண்ணன் பதினொரு மணிக்கு வந்தார். கனத்த உடம்பு, மெதுவான பேச்சு. கையில் ஆரஞ்சுப் பை. "நல்லாருக்கீங்களா தங்கச்சி? பாப்பா என்ன படிக்கிது?" என்று விசாரித்தார். பாத்ரூமுக்குள் வைத்திருக்கிறோம் என்றதும் சிரித்தார். கேனைச் சுற்றி வந்து, சாக்கைத் தொட்டு, வெப்பமானிப் பட்டையைப் பார்த்து, நோட்டில் தேதிவாரியாக எழுதியிருந்ததைப் புரட்டிப் படித்தார். "ஈரச் சாக்குல இருபத்தி நாலுக்கு மேல போகாமப் புடிச்சு வச்சிருக்க. ஏசி ரூம் வச்சிருக்கவனே தடுமாறுறான், ரகு" என்றார். இவர், "செவந்திதான் பாத்துக்கிச்சு" என்று என்னைக் காட்டினார். நான் சமையல்கட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மூன்று கிளாஸில் பிடித்து முன்னறைக்குக் கொண்டுவந்தார். பொன்னிறமாக, தெளிவாக, மேலே வெள்ளை நுரையோடு, பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. சார்லஸ் அண்ணன் கிளாஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத் தலையாட்டினார். மூக்கருகே கொண்டுபோனார். ஒரே ஒரு நொடி. பிறகு குடிக்காமல், சத்தம் வராமல் கீழே வைத்தார். அவர் முகம் மாறவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை.

"நீ சொல்லு ரகு."

இவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கிளாஸை ஒரு சுழற்றுச் சுழற்றி, கண்ணை மூடி, நீளமாக மூச்சை இழுத்தார். பெங்களூரில் எப்படி நின்றிருப்பார் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அவ்வளவு கம்பீரம். "வாழப்பழம் முன்னாடி வருது. பச்சநாடன். பின்னாடி லேசா ரொட்டி."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல. சுத்தமா இருக்கு."

சார்லஸ் அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவர் இன்னும் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், பரீட்சைப் பேப்பர் வாங்குகிறவர் போல. தப்பு என் தலையில் விழுந்தால் அவர் தப்பித்துவிடுவார் என்று எனக்கு என்னவோ தோன்றிவிட்டது.

"அண்ணே, அது ஆஸ்பத்திரி வாசம் அடிக்குது. தப்பு என்னுதுதாண்ணே. ரெண்டாவது கேன பிளீச்சிங் பவுடர்ல கழுவிட்டேன். இவுகளுக்குத் தெரியாது. இவுக மேல ஒரு தப்பும் இல்ல."

சார்லஸ் அண்ணன் என்னை நிமிர்ந்து பார்த்தார். "எப்பலேர்ந்து வருது தங்கச்சி?"

"வெள்ளிக்கெழமலேர்ந்து."

"வெள்ளிக்கெழம வாழப்பழம்னுதான சொன்ன?" என்றார் இவர்.

இவர் என்னைத்தான் கேட்டார், சின்னப்பிள்ளை மாதிரி, பக்கத்தில் ஒருவர் இருக்கிறார் என்பதையே மறந்து. கேட்ட பிறகுதான் அவருக்கே உறைத்தது. கழுத்திலிருந்து முகம் வரை ரத்தம் ஏறியதைப் பார்த்தேன். கிளாஸைக் கீழே வைக்க இடம் தேடினார். பக்கத்திலேயே ஸ்டூல் இருந்தும் அது அவருக்குத் தெரியவில்லை. சார்லஸ் அண்ணன்தான் எழுந்து அதை வாங்கி வைத்தார்.

நான் சமைத்து வைத்திருந்த கோழிக்குழம்பை அவர் சாப்பிடவில்லை. மதுரையில் காத்திருப்பார்கள் என்றார். வாசல் வரை வந்து, இவர் தோளில் கையை வைத்தார். "எண்ணெல்லாம் சரியா இருக்கு ரகு. கை வேல அப்புடியே இருக்கு ஒனக்கு" என்றார். பிறகு, "நாளைக்கு வர வேணாம். நான் கூப்புடுறேன்" என்றார். இவர், "சரி சார்லஸு, பாத்துப் போ" என்றார். கூப்பிடமாட்டார் என்பது மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது. கார் பிள்ளையார் கோயிலைத் தாண்டித் திரும்பும்வரை இவர் கையைத் தூக்கியபடியே நின்றார்.

உள்ளே வந்தவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் பாத்ரூமுக்குள் போனார். சாக்கை அவிழ்த்தார். நான் ஒரு பக்கம் பிடிக்கப் போனேன். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, அவ்வளவு கனத்தையும் நெஞ்சோடு அணைத்துத் தனியாகத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போனார். முருங்கை மரத்தடியில் மேய்ந்துகொண்டிருந்த இரண்டு பெண்மயில்கள் அவரைப் பார்த்துவிட்டு வேலிப் பக்கம் ஓடின. மூடியைத் திருகிக் கழற்றி, கேனைச் சாய்த்தார். ஒரே வீச்சில் கொட்டாமல், அன்று ராத்திரி இறக்கிய மாதிரியே மெதுவாக, சத்தம் வராமல் ஊற்றினார். செம்மண் அதைக் குடித்தது. குடிக்க முடியாதது நுரையாக எழுந்து மரத்தைச் சுற்றிப் பரவியது. வெயிலில் அந்த வாசம் குப்பென்று கிளம்பியது. என்னையறியாமல் முந்தானையால் மூக்கைப் பொத்திவிட்டேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். நான் முந்தானையை எடுத்துவிட்டேன்.

கேனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, நுரைக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார்.

"செவந்தி."

"ம்."

"எங்கிட்டு ரொம்ப அடிக்குது?"

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மரத்தின் வேரருகே பள்ளத்தில் நுரை திரண்டு நின்ற இடத்தை விரலால் காட்டினேன். அவர் இரண்டு கையையும் ஈரமண்ணில் ஊன்றி, குனிந்து, நுரையில் மூக்கு படுகிற அளவுக்கு முகத்தைக் கொண்டுபோய், நெஞ்சு விரிய மூச்சை இழுத்தார். இழுத்துக்கொண்டு அப்படியே இருந்தார். பிறகு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

"இங்கிட்டா?"

"இன்னுங் கொஞ்சம் இங்கிட்டுங்க" என்றேன்.

மீசையில் நுரையோடு முழங்காலால் நகர்ந்து வந்து, என் விரல் தொட்ட இடத்தில் மறுபடியும் குனிந்தார்.